பழைய பதிப்பும் புதிய பதிப்பும்: சொந்தக் கணக்கு மென்பொருளை இணையாக ஓட்டுவது

கேள்வி இது: ஒரே மென்பொருளின் பழைய பதிப்பில் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சொந்தக் கணக்கு எழுதி வரும் ஒருவர், புதிய பதிப்புக்கு மாற விரும்புகிறார், ஆனால் பழையதை உடனே கைவிட அவருக்குத் துணிவில்லை. இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாமா, ஒரே கோப்பை இரண்டிலும் மாற்றி மாற்றித் திறக்கலாமா, எத்தனை மாதம் இப்படி ஓட்ட வேண்டும் என்று கேட்கிறார்.

இரண்டு பதிப்புகளையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே கோப்பு என்பது நடவாது. பழைய பதிப்புக்கு ஒரு கோப்பு, புதிய பதிப்புக்கு அதன் நகலிலிருந்து உருவான இன்னொரு கோப்பு என்று முதல் நாளே பிரித்துவிட வேண்டும். இணையாக ஓட்டுவதில் நேரும் சங்கடங்களில் பெரும்பாலானவை இந்தப் பிரிவினையைத் தெளிவாகச் செய்யாததால் வருபவையே.

இதற்குக் காரணம் கோப்பின் அமைப்பில் இருக்கிறது. புதிய பதிப்பு பழைய கோப்பைப் படிக்கும்போது அதைத் தன் அமைப்புக்கு மாற்றிக்கொள்கிறது. அப்படி மாறிய கோப்பைப் பழைய பதிப்பு அடையாளம் காணாது. குயிக்கன் என்ற சொந்தக் கணக்கு மென்பொருள் இந்த மாற்றத்தைச் செய்யும்போது பழைய கோப்பின் நகல் ஒன்றை, பதிப்பு எண்ணைப் பெயரில் தாங்கிய தனிக் கோப்புறையில் வைத்துவிடுகிறது. அது நல்ல ஏற்பாடுதான் என்றாலும், மாற்றிய பிறகு நீங்கள் பதிந்தவை அந்த நகலில் இருக்கமாட்டா. பின்வாங்க நினைத்தால் இடைப்பட்ட நாட்களின் பதிவுகளை மீண்டும் கையால் எழுத வேண்டியதுதான். குனுகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருள் வேறு வழியைக் கையாள்கிறது. புதிய பதிப்பின் குறிப்பிட்ட வசதி ஒன்றைப் பயன்படுத்தியவுடன் அதன் பெயரைக் கோப்புக்குள்ளேயே குறித்துவைக்கிறது. அந்தப் பெயரை அறியாத பழைய பதிப்பு கோப்பைத் திறக்க மறுத்துவிடும். அரைகுறையாகப் படித்துக் கணக்கைக் கெடுப்பதைவிட இந்த மறுப்பே மேல். ஆனால் அந்த வசதியைத் தொடாதவரை பழைய பதிப்பும் கோப்பைத் திறந்துகொண்டே இருக்கும் என்பதால், "இரண்டிலும் திறக்கிறதே" என்ற பொய்யான நம்பிக்கை சில வாரங்களுக்கு நிலைத்து, ஒரு நாள் திடீரென்று உடையும்.

"சும்மா திறந்து பார்த்தேன், எதையும் சேமிக்கவில்லை" என்ற வாதமும் எடுபடாது. குனுகேஷில் தானாகச் சேமிக்கும் ஏற்பாடு இயல்பாகவே 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்று அமைந்திருக்கிறது. ஏதாவது ஒரு பதிவைத் தொட்டுவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் கோப்பு புதிய வடிவில் எழுதப்பட்டுவிடலாம். அது எடுத்துவைக்கும் தேதியிட்ட காப்புநகல்களும் இயல்பான அமைப்பில் 30 நாளுக்குப் பின் நீக்கப்பட்டுவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு மாதம் இணையாக ஓட்டிவிட்டு, பழைய நிலைக்குத் திரும்ப வேண்டிய தேவை வரும்போது, நாம் நம்பியிருந்த நகலே இருக்காது. ஆகவே மென்பொருள் எடுக்கும் நகலை நம்பாமல், மாற்றத்துக்கு முன் நீங்களே ஒரு நகலை எடுத்து வேறு வட்டில் வைத்து, அதன் பெயரில் பதிப்பு எண்ணையும் தேதியையும் சேர்த்து, கோப்பின் பண்புகளில் "படிக்க மட்டும்" என்று குறித்துவிடுங்கள்.

இன்னொரு கண்ணி இரட்டைச் சொடுக்கில் இருக்கிறது. கோப்பின் பெயரைச் சொடுக்கினால் எந்த நிரல் திறக்க வேண்டும் என்பதை இயங்குதளம் நினைவில் வைத்திருக்கும். புதிய பதிப்பை நிறுவும்போது அந்த உரிமை புதியதன் கைக்குப் போய்விடும். பழக்க தோஷத்தில் மேசைத்திரையில் உள்ள பழைய கோப்பை நீங்கள் சொடுக்கினால், அதைத் திறந்து மாற்றப் போவது புதிய பதிப்பு. இணையாக ஓட்டும் காலம் முழுவதும் முதலில் நிரலைத் திறந்து, அதன் பட்டியலிலிருந்து கோப்பைத் தேர்ந்தெடுங்கள். மேசைத்திரையில் உள்ள குறுக்குவழியை எடுத்துவிடுங்கள்.

நிறுவுவதைப் பொறுத்தவரை, இரண்டையும் ஒரே கணினியில் அருகருகே நிறுத்துவது எல்லா மென்பொருளிலும் இயலாது. குயிக்கனின் விண்டோஸ் நிறுவி பழையதை நீக்கிவிட்டே புதியதைப் பதிக்கும். லினக்ஸில் வேலை எளிது. உங்கள் லினக்ஸ் வழங்கலின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வந்த குனுகேஷ் ஒரு பதிப்பாகவும், ஃபிளாட்பேக் என்ற தனி நிறுவல் முறை வழியாக நிறுவியது இன்னொரு பதிப்பாகவும் இருக்கலாம், ஃபிளாட்பேக் தன் அமைப்புகளைத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்வதால் ஒன்றின் விருப்பத்தேர்வுகள் மற்றொன்றைத் தொடுவதில்லை. ஒரே பயனர் கணக்கில் இரண்டு பதிப்புகளைச் சாதாரணமாக நிறுவினால், கணக்குக் கோப்பு தனித்தனியாக இருந்தாலும், விருப்பத்தேர்வுகளும் சேமித்த அறிக்கைகளும் பொது இடத்தில் கிடந்து ஒன்றோடொன்று மோதும். விண்டோஸ் பயனருக்கு நான் சொல்வது மெய்நிகர் கணினி, அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி: பழைய பதிப்பை அதற்குள் நிறுவி, வேலை செய்வதை உறுதிப்படுத்திக்கொண்டு, அந்த நிலையைப் பதிந்துவைத்துவிட்டால் பிற்காலத்துக்கும் உதவும். விண்டோஸிலேயே வரும் சாண்ட்பாக்ஸ் என்ற தற்காலிகச் சூழல் இதற்கு ஆகாது. மூடியவுடன் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மெய்நிகர் கணினி சுமையென்று தோன்றினால், கைவசம் உள்ள பழைய மடிக்கணினி ஒன்றே போதும்.

எந்த ஏற்பாடாக இருந்தாலும், இணையச் சேமிப்பகத்தோடு ஒத்திசையும் கோப்புறையில் இந்தக் கோப்புகளை வைத்து வேலை செய்யாதீர்கள். ஒரே கோப்பை இருவர் திறக்காமல் தடுக்கும் பூட்டுக் கோப்பு, ஒத்திசைவு தாமதமானால் மறுபக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அந்த இடைவெளியில் இரண்டு பக்கமும் எழுதிவிட்டால், எது அசல் என்று சொல்ல யாராலும் இயலாது.

பல தலைமுறைகளைத் தாண்டுபவர்களுக்கு ஒரு சொல். குனுகேஷின் 2.6 வரிசை 2013-லும், 3.0 2018-லும், 4.0 2020-லும், 5.0 2023-லும் வந்தன. 2.6-லிருந்து நேரே 5-க்குத் தாவுவதைவிட, ஒவ்வொரு வரிசையின் கடைசி வெளியீட்டிலும் ஒருமுறை திறந்து, சரிபார்த்து, சேமித்துக்கொண்டு ஏறுவது பாதுகாப்பானது. ஒவ்வொரு படியிலும் ஒரு நகல் மிஞ்சும். தவறு எந்தப் படியில் நுழைந்தது என்பதும் தெரியும்.

இனி, எந்த நாளில் பிரிப்பது? வங்கி அறிக்கையோடு கணக்கைச் சரிக்கட்டி முடித்த நாளே அதற்கு உகந்தது. மாதத்தின் நடுவில், பாதிப் பதிவுகள் வங்கியில் ஏறாமல் தொங்கும்போது பிரித்தால், பின்னால் வரும் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் இரண்டு விளக்கங்கள் இருக்கும். சரிக்கட்டி முடித்த அன்று நகல் எடுத்து, புதிய பதிப்பில் திறந்து, ஒரு புதிய பதிவையும் எழுதுவதற்கு முன்பே இரண்டிலும் அன்றைய தேதிக்கு இருப்பாய்வை, அதாவது எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியலை, எடுத்து ஒப்பிடுங்கள். அன்றைய தேதியோடு நிறுத்திவிடவும் கூடாது. கடந்த ஒவ்வோர் ஆண்டின் கடைசி நாளுக்கும் கணக்கு கணக்காக இருப்புகளை ஒப்பிட வேண்டும். ஏனென்றால் மாற்றத்தின்போது எட்டாண்டுக்கு முந்தைய ஒரு பணமாற்றத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்தே காணாமற்போயிருந்தால், இன்றைய மொத்தம் அதைக் காட்டிக்கொடுக்காது.

அடுத்தது, எது அசல் என்ற தீர்மானம். என் கருத்தில், ஒத்திகை முடியும்வரை பழையதே அசல், புதியது நிழல். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள்; புதிய பதிப்பைப் பார்த்த உற்சாகத்தில் செலவு வகைகளுக்குப் பெயர் மாற்றுகிறார்கள், பயன்படாத கணக்குகளை இணைக்கிறார்கள், பத்தாண்டுக் குப்பையை ஒரே இரவில் பெருக்கித் தள்ளுகிறார்கள். பெருக்குவது நல்லதுதான், ஆனால் ஒப்பிட வேண்டிய காலத்தில் அல்ல. இருபக்கமும் ஒரே பெயரில் ஒரே அமைப்பில் இருந்தால்தான் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்து வரிக்கு வரி பார்க்க முடியும். இணையாக ஓட்டும் காலத்தில் புதியதில் எந்தச் சீரமைப்பும் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுகளை இரண்டிலும் ஏற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கையால் இருமுறை எழுதலாம். அல்லது வங்கியிலிருந்து இறக்கிய அறிக்கைக் கோப்பை இரண்டிலும் இறக்குமதி செய்யலாம். இரண்டாவது வழியில், கோப்பை ஒரே ஒருமுறை இறக்கி, அதே கோப்பை இரண்டுக்கும் கொடுங்கள். தனித்தனியாக இறக்கினால், இடையில் வந்த பரிவர்த்தனை ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. 1997-இல் மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஓஎஃப்எக்ஸ் வடிவத்தில், வங்கி ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் அடையாள எண் தருகிறது. மென்பொருள் அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை அதே எண் வந்தால் ஒதுக்கிவிடுகிறது. உங்கள் கோப்பு நேரடியாக மாற்றப்பட்டிருந்தால் இந்த நினைவும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும்.

குயிக்கனின் பழைய உரை வடிவமான கியூஐஎஃப் வழியாகக் கணக்கைக் கொண்டுவந்தவர்களுக்கு அந்த நினைவு இருக்காது, ஏனென்றால் அந்த வடிவத்தில் அடையாள எண்ணுக்கே இடமில்லை. வங்கியிலிருந்து முதல் கோப்பை இறக்கியவுடன், ஏற்கெனவே இருக்கும் பல வாரப் பதிவுகள் இரட்டிப்பாகத் தோன்றும். அது மென்பொருளின் பிழையன்று. முதல் இறக்குமதியில் ஒவ்வொன்றையும் பழைய பதிவோடு கையால் பொருத்திவிட்டால், அடுத்த முறை அந்தத் தொல்லை இருக்காது.

கியூஐஎஃப் கோப்பை ஒருமுறை சாதாரண உரைத் தொகுப்பானில் திறந்து பார்க்கச் சொல்வேன். அரை மணி நேரம் அதில் செலவிட்டால் பின்னால் பல இரவுகள் மிச்சமாகும். ஒரு பரிவர்த்தனை ஐந்தாறு வரிகளில் இருக்கும். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்து அது தேதியா, தொகையா, பெறுநரா என்பதைச் சொல்லும். ஒரு கூரைக் குறியோடு பரிவர்த்தனை முடியும். தேதி வரியில் நாள் முந்தியா, மாதம் முந்தியா என்பதைக் கோப்பு எங்கும் சொல்வதில்லை. 03/04 என்பது மார்ச்சு 4-ஆகவும் இருக்கலாம், ஏப்ரல் 3-ஆகவும் இருக்கலாம். 12-க்கு மேற்பட்ட நாள் ஒன்று வரும்வரை மென்பொருளும் ஊகிக்கத்தான் வேண்டும். சரிக்கட்டிய நிலையைக் காட்டும் வரியில் நட்சத்திரக் குறி இருந்தால் வங்கியில் ஏறியது என்றும், எக்ஸ் எழுத்து இருந்தால் சரிக்கட்டி முடிந்தது என்றும் பொருள். அந்த வரி தொலைந்தால் பத்தாண்டுப் பதிவுகளும் சரிக்கட்டாதவையாக வந்து நிற்கும். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போன பணம், வகைப் பெயருக்குப் பதிலாகச் சதுர அடைப்புக்குள் மறுகணக்கின் பெயரைத் தாங்கியிருக்கும். கணக்கு கணக்காக ஏற்றுமதி செய்தால் இந்தப் பணமாற்றம் இரண்டு கோப்புகளிலும் ஒவ்வொரு முறை இருக்கும். இறக்குமதி செய்யும் நிரல் இரண்டையும் ஒன்றெனப் பொருத்தத் தவறினால் பணம் இருமுறை நகர்ந்துவிடும். இந்த வடிவத்தில் உள்ள இத்தகைய ஓட்டைகளும் ஒரு காரணமாகவே, 2005-ஆம் ஆண்டுக் குயிக்கன் பதிப்பிலிருந்து வங்கிக் கணக்குகளுக்குள் கியூஐஎஃப் இறக்குமதி நிறுத்தப்பட்டது என்று நான் கருதுகிறேன். நேரடி மாற்றத்துக்கு வழி இருக்கும்போது கியூஐஎஃபை நாடாதீர்கள்.

தானாக ஏறும் பதிவுகளையும் கவனிக்க வேண்டும். வாடகை, தவணை போன்றவற்றை முன்கூட்டியே அட்டவணையிட்டு வைத்திருப்பீர்கள். ஒரு பதிப்பு உரிய நாளில் அதை எழுதும். இன்னொன்று சில நாள் முன்னதாகவே எழுதிவைக்கும். வங்கிக் கோப்பிலும் அதே தொகை வரும். ஆகவே மாதத்தின் நடுவில் இரண்டு திரைகளையும் பார்த்து இருப்பு வேறுபடுகிறதே என்று கலங்க வேண்டாம். ஒப்பீடு எப்போதும் வங்கி அறிக்கையின் முடிவு நாளுக்கே.

ஒப்பிட்டு வேறுபாடு வந்தால், அந்தத் தொகையையே முதலில் விசாரிக்க வேண்டும். கையால் இருமுறை எழுதுபவர்களுக்குக் கணக்கர்களின் பழைய உத்தி ஒன்று இன்றும் உதவும்: வேறுபாடு 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். நான் மாறிய மாதத்தில் இரண்டு பக்கத்துக்கும் 540 வேறுபட்டது. 540-ஐ 9-ஆல் வகுத்தால் 60. ஆகவே பத்தும் நூறும் இடம் மாறிய தொகையைத் தேடினேன். பழையதில் 1,930 என்று இருந்த ஒரு மருந்துச் செலவு புதியதில் 1,390 ஆகியிருந்தது. வேறுபாடு இரட்டைப்படையாக இருந்தால் அதன் பாதியையும் தேடிப் பாருங்கள்: 850 வேறுபட்டு, 425 தொகையுள்ள பதிவு ஒன்று அகப்பட்டால், அது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கக்கூடும். வேறுபாடு முழுதாக ஒரு பதிவின் தொகையாகவே இருந்தால், அது ஒரு பக்கம் விடுபட்டது அல்லது இரட்டித்தது.

வங்கிக் கணக்குகள் இப்படி எளிதில் அடங்கிவிடும். முதலீட்டுக் கணக்குகளில்தான் பொறுமை சோதிக்கப்படும். அங்கே மதிப்பை முதலில் ஒப்பிடாதீர்கள். அலகுகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஒரு பதிப்பில் வெள்ளிக்கிழமை விலையும் இன்னொன்றில் திங்கட்கிழமை விலையும் இருந்தால் மதிப்பு வேறுபடத்தான் செய்யும். அதில் பிழை எதுவும் இல்லை. எண்ணிக்கை ஒத்து, விலையும் ஒத்து, மதிப்பு மட்டும் 0.02 அளவில் வேறுபட்டால் தசமத்தைப் பாருங்கள். 37.4185 அலகுகளை 41.27 விலையால் பெருக்கினால் 1,544.26 வரும், ஏற்றுமதியில் அது 37.419 என்று மூன்று தசமமாகச் சுருங்கியிருந்தால் 1,544.28 வரும். பல ஆண்டுகள் மாதாமாதம் சிறு தொகை முதலிட்டவருக்கு இந்தத் துளிகள் சேர்ந்து கண்ணில் படும் அளவாகிவிடும். தசம இடங்களின் எண்ணிக்கையை உயர்த்தி மீண்டும் மாற்றுவதே சரியான தீர்வு. "சரிசெய்தல்" என்று ஒரு பதிவு எழுதி மூடுவது பிழையை நிரந்தரமாக்குவதாகும்.

எண்ணிக்கையும் மதிப்பும் ஒத்து, லாபம் மட்டும் ஒத்துவராத நிலையும் உண்டு. 100 அலகுகள் 10 விலையிலும் மேலும் 100 அலகுகள் 16 விலையிலும் வாங்கி, 100 அலகுகளை 20 விலையில் விற்றதாகக் கொள்வோம். முதலில் வாங்கியதே முதலில் விற்றது என்று கொள்ளும் முறையில் லாபம் 1,000. சராசரி அடக்கவிலை 13 என்று கொள்ளும் முறையில் லாபம் 700. பழைய பதிப்பு ஒரு முறையையும் புதியது வேறு முறையையும் இயல்பாக வைத்திருந்தால், இரண்டும் தத்தம் அளவில் சரியாகவே இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று உடன்படா. இதுவரை வரிக்கு எந்த முறையில் கணக்குக் காட்டினீர்களோ அந்த முறையைப் புதியதிலும் தேர்ந்தெடுத்த பிறகே மேற்கொண்டு பாருங்கள். பங்குப் பிரிப்பும், ஈவுத்தொகையை மறுமுதலீடு செய்ததும் அடுத்துத் தேட வேண்டிய இடங்கள்.

எத்தனை மாதம்? இரண்டு முழு வங்கி அறிக்கைகள் முதல்முறையிலேயே வேறுபாடின்றிச் சரிக்கட்டப்பட வேண்டும். அத்துடன் அரிதாக நடப்பது ஒன்றாவது, அதாவது ஒரு விற்பனையோ ஈவுத்தொகையோ அயல் நாணயப் பணமாற்றமோ, இரண்டிலும் ஏறி ஒத்துவந்திருக்க வேண்டும். அதற்குமேல் நீட்டினால் நிழல் கணக்கு பின்தங்கிவிடும். ஒரு வாரம் எழுதாமல் விட்டு, பிறகு ஒரு மாதம் விட்டு, கடைசியில் இரண்டையும் நம்ப முடியாத நிலைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பின் பழையது படிப்பதற்கு மட்டுமான பெட்டகம். ஆனால் பெட்டகமும் என்றென்றும் திறக்கும் என்று எண்ணிவிட முடியாது. மைக்ரோசாஃப்ட் மணி என்ற கணக்கு மென்பொருள் 2009 ஜூன் மாதத்தோடு விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது; மறு ஆண்டு அந்த நிறுவனம் உரிமச் சரிபார்ப்பு தேவைப்படாத "சன்செட்" பதிப்பை வெளியிட்டதால்தான் பலரால் தம் பழைய கோப்புகளைத் தொடர்ந்து திறக்க முடிந்தது. குயிக்கன் 2007-இன் மேக் பதிப்பு, மேக் கணினிகளில் முன்பு இருந்த பவர்பிசி செயலிக்காக எழுதப்பட்டது. 2011-இல் வந்த மேக்கின் லயன் இயங்குதளம், அத்தகைய நிரல்களைப் புதிய செயலியில் இயக்கிவந்த ரொசெட்டா என்ற இடைநிரலைக் கைவிட்டபோது மென்பொருள் நின்றுபோயிற்று. லயனில் ஓடும்படி திருத்திய வெளியீடு 2012-இல்தான் வந்தது. மேக் இயங்குதளம் 2019-இல் 32-பிட் நிரல்களையும் கைவிட்டது. விண்டோஸின் 64-பிட் பதிப்புகள் 16-பிட் நிரல்களை ஏற்பதில்லை. நிரல் அப்படியே இருக்கும், அடியில் உள்ள தரைதான் நகர்ந்துவிடும்.

ஆகவே பழைய பதிப்பை ஓய்வுபெறச் செய்யும் நாளில் அதன் நிறுவியையும் உரிமக் குறியீட்டையும் கோப்போடு சேர்த்து வையுங்கள். கோப்பின் கடவுச்சொல் இணையச் சேவை ஒன்றின் வழியாகச் சரிபார்க்கப்படுவதாக இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். எல்லாக் கணக்குகளின் பேரேட்டையும், ஆண்டுவாரியான இருப்புகளையும் பிடிஎஃப் ஆகவும், காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாகவும் எடுத்துவைத்து, கடைசி மாத இருப்பைத் தாளில் அச்சிடுங்கள். பிறகு அந்த மென்பொருள் ஒருபோதும் நிறுவப்படாத வேறொரு கணினியிலோ மெய்நிகர் கணினியிலோ, சேமித்துவைத்த நிறுவியைக் கொண்டே அதை நிறுவி, சேமித்துவைத்த கோப்பைத் திறந்து பாருங்கள். அச்சிட்ட தாளில் உள்ள இருப்பு திரையிலும் தோன்றிய பிறகு, அன்றாடக் கணினியிலிருந்து பழைய பதிப்பை நீக்கிவிடலாம்.